வியர்வையில் கிடைத்த விடை

"சார், மலருக்கு ஏதாவது வரலாறு எழுதுங்க" என்று குழுவினர் கேட்டார்கள. செஞ்சிக்காரன் வரலாறு என்றால் தேசிங்கு ராஜாதான் என்று நினைத்திருப்பார்கள். அவரை எழுத வேறு ஆள் இருக்கிறது. நம் கல்லூரியில் படித்து, இங்கேயே விலங்கியல் நடத்தியவன் நான். வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தைத் திருத்த இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் ராஜகிரி ஏறி இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடு. "மேப் வரைஞ்ச மாதிரி இருக்கு சார்!" என்று ஒருவன் சிரித்தான். மறுவாரம் மரபியல் வகுப்பில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வந்தது. சளி பிசினாகி நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோய். "இது வெள்ளைக்காரங்க நோய், பரீட்சைக்குப் படிச்சா போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன்.

இந்த நோயைத் தனியாக அடையாளம் காட்டியவர் டாரதி ஆண்டர்சன், 1938இல். நியூயார்க்கில் 1948இல் கடும் வெப்பம் வீசியபோது இந்த நோயுள்ள குழந்தைகளே அதிகம் துவண்டு விழுந்தார்கள். அதைப் பின்தொடர்ந்த டி சான்ட் ஆக்னிஸ் குழுவினர், இவர்கள் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் எழுதினார்கள். ஏன் அதிகம் என்பது மட்டும் முப்பது ஆண்டு புரியவில்லை.

புரியவைத்தவர் பால் குவின்டன். சிறுவயதிலிருந்தே ஓயாத இருமல். கல்லூரியில் படிக்கும்போது, தன் இருமலுக்குக் காரணம் தேடி நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டியவர், தனக்கு இருப்பது இதுதான் என்று தெரிந்துகொண்டார். அந்தக் காலத்தில் இந்த நோயோடு அந்த வயதைத் தொட்டவர்களே குறைவு. அவர் சோர்ந்து உட்காரவில்லை. உடலியல் ஆராய்ச்சிக்குப் போனார். கிருமி தின்ற நுரையீரலில் மூலக் குறை எது, பின்விளைவு எது என்று பிரிக்க முடியாது. வியர்வைச் சுரப்பி அப்படிச் சிதைவதில்லை. அதனால் தன் தோலிலிருந்தே சுரப்பிகளை எடுத்துச் சோதித்தார் மனுஷன்!

சுரப்பியின் அடியில் ஊறும்போது எல்லோர் வியர்வையும் ரத்தம் அளவுக்கு உப்பானதுதான். மேலே வரும் வழியில் மெல்லிய குழாய் அந்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நோயாளியின் குழாயில் குளோரைடு மட்டும் சுவரைக் கடக்க முடியவில்லை. 1983இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். மூச்சுக்குழாயிலும் இதே கோளாறு என்பதை வேறு ஆய்வாளர்களும் அந்த ஆண்டுகளில் காட்டினார்கள். 1989இல் சூயி, ரியோர்டான், காலின்ஸ் குழுவினர் 7ஆம் குரோமோசோமில் அந்த மரபணுவைப் பிடித்தபோது, அது தரும் புரதம் குளோரைடின் வாசல்தான் என்று பின்னர் உறுதியானது. குவின்டன் அதோடு விடவில்லை. அதே வாசல் வழியாகப் பைகார்பனேட்டும் போகாததால்தான் சளி விரிந்து இளகாமல் கெட்டியாகிறது என்று 2008இல் வாதாடினார். எனக்கு அவருடைய இந்த வேலைதான் மிகவும் பிடிக்கும்.

இனி என் தப்புக்கு வருகிறேன். சண்டிகரிலிருந்து 1968லேயே இந்தியக் குழந்தையிடம் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. நான் பாடம் நடத்தியது அதற்கு வெகுகாலம் பின்பு! ஒடுங்கு மரபணு இது; தாய், தகப்பன் இருவரிடமும் ஒன்று மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டும் நம் ஊரில் சொல்லவா வேண்டும்? காசநோய் என்றும் சாதாரணச் சளி என்றும் போய்விடும். வெயிலில் உப்பை இழந்து குழந்தை துவண்டுபோவதும் உண்டு. கையில் மருந்து வைத்து லேசான மின்சாரம் செலுத்தி வியர்வை எடுத்து, குளோரைடு அளந்தால் போதும். 1959இலிருந்து உள்ள சோதனை. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். 2012இலிருந்து அந்தப் புரதத்தையே சீராக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன, விலைதான் நம்மவர்களுக்கு எட்டாது.

என் தம்பி எங்கள் அக்கா மகளைத்தான் கட்டினான். மூத்த பையனுக்கு எப்போதும் சளி, உடம்பும் தேறவில்லை. முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். "இவன் நெசமாவே உப்பு மூட்டைடா" என்பாள் அக்கா. 1997 கோடையில், நாலு வயசில் போய்விட்டான். நெஞ்சுச்சளி என்றார்கள். இந்த நோய்தானா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. வியர்வையை யாரும் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கும் தோன்றவில்லை.

அவனுக்குப் பின் பிறந்த பெண் நலமாக இருக்கிறாள். அவளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். சொந்தத்தில் வேண்டாம், அப்படியே செய்வதானால் இருவருக்கும் முதலில் மரபணுச் சோதனை என்று சொல்லியிருக்கிறேன். அக்கா என்னோடு ஒரு மாதமாகப் பேசவில்லை.