மேலங்கியின் மரணம்

ஒரு பொருளை நிறுத்துவதற்கும் கொல்வதற்கும் என்ன வித்தியாசம்? 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இக்கேள்வி ஒரு குட்டி மேலங்கியின் உருவில் வந்து நின்றது.

'பலியில்லாத் தோல்' என்று அதற்குப் பெயர். உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். மக்கும் பாலிமரால் அங்கி வடிவில் ஒரு கூடு. அதன்மேல் சுண்டெலியின் உயிரணுக்கள். கண்ணாடிக் குடுவைக்குள், உடலின் வெதுவெதுப்பில், ஊட்டத்திரவம் சொட்டச் சொட்ட அது தானாக வளர்ந்தது. செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இயங்கிய ஒரோன் காட்ஸ், அயோனட் ஸுர். 1996இலிருந்தே திசு வளர்ப்பைக் கலைக்குள் கொண்டுவந்தவர்கள். இவ்வகைப் பொருட்களை 'அரை உயிரிகள்' என்று அழைத்தார்கள்.

சில வாரங்களில் அங்கி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு கை கழன்று வரத் தொடங்கியது. ஊட்டத்தை நிறுத்திவிடலாம் என்று கண்காட்சிப் பொறுப்பாளர் பவோலா அந்தோனெல்லி முடிவெடுத்தார். ஒரு கோட்டைக் கொல்வது பற்றி யோசித்துத் தூக்கம் கெட்டதாகப் பின்னர் பேட்டியில் சொன்னார். நரம்பில்லை, வலியில்லை, முகம்கூட இல்லை. ஆனால் கண்ணெதிரே வளர்ந்தது. 'ஐயோ பாவம்' என்று சொல்ல நமக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

இந்த உணர்ச்சியை இவர்கள் முன்பே சீண்டிப் பார்த்திருக்கிறார்கள். 2000இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், குவாத்தமாலா மக்களின் கவலைப் பொம்மைகளைத் தழுவித் திசுவால் பொம்மைகள் வளர்த்தார்கள். இவர்களுடைய காட்சிகள் 'கொல்லும் சடங்கு' ஒன்றுடன் முடிவதுண்டு. குடுவையைத் திறந்து பார்வையாளர்களைத் தொடச் சொல்வார்கள். கையிலும் காற்றிலும் உள்ள கிருமிகளே போதும். ஆசையாகத் தடவினாலும் செத்துப்போகும்.

சரி, அங்கி எதைக் குடித்து வளர்ந்தது? இத்தகைய திசு வளர்ப்பில் வழக்கமாகச் சேர்ப்பது கன்றுக்கருவின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். இறைச்சிக்கூடத்தில் வெட்டப்படும் சினைப்பசுவின் வயிற்றிலிருந்து எடுக்கும் கருவே அதற்கு மூலம். 'பலியில்லா' என்ற பெயரே ஒரு குத்தல் என்பது இங்கேதான் புரிகிறது. பலி ஒழியவில்லை, கண்ணாடிக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அங்கிக்காகத் தூக்கம் கெடுகிறது, கன்றுக்காக யாருக்கும் கெடவில்லை.

ஆக, உயிருள்ள பொருளின்முன் எழும் இரக்கமோ அருவருப்போ இயற்கையானது என்று நம்புவதற்கில்லை. எது காட்டப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்பதே அதை வடிவமைக்கிறது. தோல் விஷயத்தில் நமக்கு இது புதிதுமல்ல. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அதைத் தைத்தவரைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. அருவருப்பு செத்த தோல்மீது என்றால், செருப்பும் அல்லவா தீட்டாகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. உழைத்த உடல்மீது மட்டும் அது ஏற்றப்பட்டது.

பூஞ்சைத் தோல், ஆய்வகத் தோல் என்று உயிருள்ள பொருட்கள் இன்று 'கருணையான' சரக்குகளாக விற்பனைக்கு வருகின்றன. அவை மனசுக்கு இதமாக இருக்கின்றனவா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. எதைத் தின்று வளர்கின்றன, யார் கையால் வளர்கின்றன என்றும் கேட்டாக வேண்டும்.