ஒப்பாரிக் கோச்சியில் போன அக்கா

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாகக் கிடந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு நாடுகளின் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்குத் தெரிந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் அந்தக் கணக்கு செய்த வேலை.

பிரஜாவுரிமைப் படிவம் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டது. மனைவி யார், பெற்ற பிள்ளைகள் யார் என்று கேட்டது. வளர்த்த பிள்ளைக்கு அதில் இடமில்லை.

தோட்டத்தில் பிள்ளையைப் பெற்றவளே வளர்த்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடிகிறபோது, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு நிற்கவேண்டும். அதற்கு முன்னால் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். அங்கே கொழுந்தெடுக்க முடியாமல் போன கிழவி ஒருத்தி இருப்பாள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும், பால் கொடுக்க இடையில் ஒருதடவை மலையிலிருந்து இறங்கி ஓடிவருவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துக்கொள்வாள். தாய் செத்தால் பிள்ளை சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். பிள்ளை தத்தெடுப்புக்கு 1941இலேயே சட்டம் வந்தது. ஆனால் கோட்டுக்குப் போய் ஒரு நாள் பேரை இழக்க எங்கள் லயத்தில் யாரால் முடியும்?

அக்கா அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பா முன்னமே இல்லை. அம்மா 1974 பஞ்சத்தில் போனார். அந்தப் பஞ்சத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன, வேலை நாள் குறைந்தது. நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலமாவது இருந்தவன் மரவள்ளியை நட்டுப் பிழைத்தான். எங்களுக்கு வீட்டு வாசலே தோட்டத்துக்குச் சொந்தம். நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் சாவு கடுமையாக ஏறியது. டவுனில் கையேந்தி நின்றவர்களில் எங்கள் தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள்.

நானும் அவளும் ஒரே பாயில் படுத்தோம். பாய்க்கு அடியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் ஒளிந்திருக்கும். என் அம்மா பாயைச் சுருட்டும்போது அவை உதிரும். அம்மா ஏசினதில்லை.

அக்காவின் மாமாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார். பெற்றவர்களில்லாத பெண்ணுக்கு மாமாதான் உரித்து என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் வேறு சிக்கல். தோட்டத்தில் பிறப்பைப் பதியும்போது கிளாக்கருக்குக் காதில் விழுந்ததுதான் பேர். அவளை நாங்கள் கூப்பிட்ட பேர் எந்தக் கடுதாசியிலும் இல்லை. அந்த எழுத்துப்பிழைப் பேரோடுதான் அவள் கப்பலேறினாள்.

மலையிலிருந்து இறங்கி மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. அட்டன் ஸ்டேசனில் கோச்சி நகரும்போது எழும் சத்தம் சாவு வீட்டுச் சத்தம்தான். ஆனால் பிணம் இல்லை, எல்லாரும் சன்னல் வழியாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், அக்கரையில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். 1984இல் கப்பல் நின்றுபோனது.

அவள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தாள். இருவரும் தலை நரைத்த பிறகுதான் பார்த்துக்கொண்டோம். ரொட்டிப் பேச்சை நான்தான் எடுத்தேன். சிரித்தாள். "ஒளிச்சு வச்சது நீதானே தங்கச்சி, நான் சும்மா காவலிருந்தேன்" என்றாள். எனக்கோ அவளுடைய கை பாய்க்கடியில் போவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு வீட்டில் சேர்ந்து வளர்ந்த வளர்ப்புச் சகோதரிகளை வைத்து மர்ம நாவல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் யாரோ ஒருத்தியைப் பொய்க்காரியாக்கிவிடுவார்கள். கடைசி அத்தியாயத்தில் அவிழ்க்க அவர்களுக்கு ஒரு முடிச்சு வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே ஒளித்துவைத்திருப்போம் என்பது என் கணக்கு. பசித்த பிள்ளை தன் பயத்தைப் பக்கத்தில் படுத்திருப்பவளின் பேரில் எழுதிவிட்டுத்தான் தூங்கும் போலிருக்கிறது.

இங்கேயே தங்கிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் வேறொரு வழியில் பிரிந்தார்கள். என்னிடம் படித்த சிலர் ஐந்தாம் வகுப்போடு கொழும்பு வீடுகளுக்குப் போனார்கள். தரகர் வந்து முற்பணம் கொடுப்பார். "எங்கட மகளுக்கு ஒரு தங்கச்சி மாதிரி இருப்பா" என்று வீட்டுக்கார நோனா சொன்னதாகத் தாய்மார் ஆறுதலோடு சொல்வார்கள். ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையை மற்றவள் துவைப்பாள். தீபாவளிக்கு வந்தவர்களில் ஒருத்தி, யாராவது சோறு போட்டால் "போதும்" என்று சொல்லத் தெரியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்குக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. 2021 தொடக்கத்தில்தான் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆகச் சட்டம் உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கிருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளல்ல, தாய்மார். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போக முடியாது என்றும், பெரிய பிள்ளைகள் இருந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று பேரெழுதிக் காட்ட வேண்டும் என்றும் அப்போது விதித்தது. எங்கள் லயத்தில் மூன்று வீட்டுக்காரிகள் ஒரே பாட்டியின் பேரை எழுதிக்கொடுத்துவிட்டுக் குவைத்துக்குப் போனார்கள். எந்த அதிகாரியும் அதை இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பாட்டியிடம்தான் சாப்பிடுகிறார்கள் என்பதும் உண்மைதான்.