பூர்வகுடி நில உரிமையும் பள்ளிக்கல்வியும்: திண்டுக்கல்

பள்ளி நிற்கும் மண் முன்பு யாருடையது, உடன்படிக்கை ஏதும் இருந்தால் அது எது என்பதை மாணவர் முன்னிலையில் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பரவியுள்ளது. தமிழகப் பள்ளிகளில் அது இல்லை. ஆனால் அதற்குரிய வரலாறு திண்டுக்கல்லில் நிறையவே உண்டு.

கிழக்கிந்தியக் கும்பினிப் படை பிடித்த திண்டுக்கல்லை 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கை திப்பு சுல்தானுக்குத் திருப்பித் தந்தது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணம் உடன்படிக்கை அதை மறுபடியும் கும்பினியிடமே சேர்த்தது. எட்டு ஆண்டுக்குள் இருமுறை கைமாறியும், சமவெளியில் உழுதவரையோ மலையில் வாழ்ந்தவரையோ ஒருவரும் கேட்கவில்லை. எதிர்த்தெழுந்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பாடநூலில் இடம் கிடைத்தது, மலைவாழ் பழங்குடியான பளியருக்குக் கிடைக்கவில்லை.

சிறுமலையிலும் பழனி மலைத்தொடரிலும் வாழும் பளியர், செங்குத்துப் பாறைகளில் கொடிகளைப் பற்றி இறங்கித் தேனெடுப்பவர்கள். காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்து உண்டவர்கள். இவர்களோடு எந்த அரசும் உடன்படிக்கை செய்துகொண்டதில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் காடுகள் காப்புக்காடுகளாக மாற, தேனும் கிழங்கும் எடுப்பதற்கே அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. உடன்படிக்கையால் பறிபோன நிலத்துக்குப் பத்திரமாவது மிஞ்சும். பளியருக்கு அதுவும் இல்லை என்பதே இவ்வரலாற்றின் கொடுமை.

காடுசார் பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை இந்திய அரசு சட்டமாகவே ஒப்புக்கொண்டது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரையில்தான். உரிமை கோரும் மனுக்களைக் கிராம சபையே முதலில் விசாரிக்கும். தமிழகத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் பட்டா வழங்கல் முடங்கியது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

அதே 2016இல் டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் நாள்தோறும் காலை அறிவிப்பில் மிசிசாகா உள்ளிட்ட பூர்வகுடிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. அங்கே குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளும் அதைக் கேட்டே பாடம் தொடங்குகிறார்கள். அந்நகர நிலத்துக்கான 1787ஆம் ஆண்டுப் பத்திரம் விவரம் எதுவும் எழுதப்படாத வெற்றுப் பத்திரம். மிசிசாகா தலைவர்களின் குறிகள் வேறு தாளில் இடப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. 2010இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு தந்தது.

தமிழகத்தின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் சோறும் தங்குமிடமும் தருகின்றன. பாடம் எல்லாருக்கும் பொதுவானதுதான். திண்டுக்கல்லில் 1792ஐ நடத்தும் ஆசிரியர்கள் அதே வகுப்பில் வன உரிமைச் சட்டத்தின் முகவுரையையும் படித்துக்காட்ட வேண்டும். அதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.