குர்லாவின் குரலும் தாராவி முகவரியும்

துறைமுக ரயில்வழியில் மான்குர்த், கோவண்டி, செம்பூர் கடந்தால் வருவது குர்லா. அங்கு வளர்ந்த நவேத் ஷேக், ‘நேஸி’ என்னும் பெயரில், 2014இல் ‘ஆஃபத்’ பாடலை ஓர் ஐபேடைக் கொண்டே ஒலிப்பதிவும் படப்பிடிப்பும் செய்து வெளியிட்டார். அரபியிலிருந்து உருதுவழி வந்த அச்சொல்லுக்குப் பேரிடர் என்பது பொருள். பம்பாய்த் தெருவழக்கில் அடங்காத பிள்ளையையும் சுட்டும். பாடல் இவ்விரு பொருளிலும் நிற்கிறது.

2015இல் டிவைனுடன் ‘மேரே கல்லி மே’. புகழ் ஏறிய வேளையிலேயே குடும்பத்தின் தயக்கமும் சமய நம்பிக்கையும் குறுக்கிட, அவர் சில காலம் இசையிலிருந்து விலகியிருந்தார்.

இவ்விருவர் வாழ்வின் தூண்டுதலில் ஜோயா அக்தர் எடுத்த ‘கல்லி பாய்’ 2019 பிப்ரவரியில் வந்தது. அது நாயகனைத் தாராவியில் குடியமர்த்தியது. குர்லா பெயரிழந்தது. விந்தை என்னவெனில், முகவரி தந்த தாராவியின் தமிழுக்கும் அதில் பெரிய இடமில்லை. எட்டு மாதங்களுக்கு முன்னரே, பா. இரஞ்சித்தின் ‘காலா’வில், சந்தோஷ் நாராயணன் இசையில், தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு ஒலித்திருந்தது. ராப் ஆய்வுகள் பலவும் இந்தித் திரைப்படத்திலிருந்தே கதையைத் தொடங்குவது, ஆகவே, பொருந்தாது.

நேஸி 2024இல் பிக் பாஸ் ஓடிடி மூன்றாம் பருவத்தில் இரண்டாமிடம் பெற்றார்.