திருட்டுச் சட்டமா, உயிர்ச் சட்டமா? யாத்திராகமம் 21:16 குறித்து

ஆளைத் திருடுவதற்கு எதிரான விவிலியச் சட்டத்தைச் சொத்துரிமைச் சட்டத்தின் ஒரு கிளையாகவே கொள்வோர் உண்டு. குடும்பத் தலைவன் தன் வீட்டாள் ஒருவரின் உழைப்பை இழக்கிறான். அந்த இழப்புக்கே தண்டனை என்பது அவர்கள் வாதம். யாத்திராகமம் 21:16 இதற்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வசனத்தை அடுத்த அதிகாரத்தின் கால்நடைத் திருட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். திருடிய மாட்டை அடித்தாலோ விற்றாலோ ஐந்து மடங்கு ஈடு, ஆடானால் நான்கு மடங்கு (22:1). அதே விலங்கு திருடன் கையில் உயிரோடு அகப்பட்டால் இரண்டு மடங்கே (22:4). விற்றானா, வைத்திருந்தானா என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது. பொருளை மீட்க முடிவதால் குற்றத்தின் கனம் குறைகிறது. 21:16 அதே இரு நிலைகளையும் எடுத்துக்கொள்கிறது. ஆளை விற்றிருந்தாலும், அவர் இன்னும் திருடியவன் வசமே இருந்தாலும் தண்டனை ஒன்றுதான்: மரணம். மீட்கப்பட்டவருக்காகத் தள்ளுபடி இல்லை, ஈட்டுத்தொகைக்கும் வழியில்லை. இவ்வசனம் அமைந்திருப்பதும் திருட்டுச் சட்டங்களுக்கிடையே அன்று. கொலை, பெற்றோரை அடித்தல் ஆகிய குற்றங்களின் வரிசையில்.

இதே குற்றத்தைப் பற்றிய உபாகமம் 24:7 இஸ்ரவேல் சகோதரரை மட்டும் குறிப்பிடுவதால் யாத்திராகமத்தையும் அவ்வாறே சுருக்க வேண்டும் என்பர் சிலர். எபிரேய விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்ட் இச்சட்டத்தில் இஸ்ரவேல் புத்திரர் என்ற வரம்பைச் சேர்த்திருப்பது இங்கே கவனத்திற்குரியது. எபிரேய மூலத்தில் அவ்வரம்பு இல்லை. விரிந்து நின்ற சட்டத்தைப் பின்வந்தவர்கள் குறுக்கினர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தண்டனையின் கடுமையைக் காட்டி இச்சட்டத்தையே ஒதுக்குவோருக்கு விரிவான விடை தேவையில்லை. இங்கு ஆராயப்படுவது எது குற்றம் என்பது. எந்தத் தண்டனை இன்று ஏற்கத்தக்கது என்பதன்று.

இச்சட்டத்தை இன்றைய சர்வதேசச் சட்டத்தோடும் ஒப்பிடலாம். ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறை ஆட்கடத்தலை வரையறுக்கும்போது விற்பனையைக் கட்டாயக் கூறாக வைக்கவில்லை. சுரண்டும் நோக்கோடு, வற்புறுத்தியோ ஏமாற்றியோ ஒருவரைச் சேர்ப்பதும் ஏற்றிச் செல்வதும் தங்கவைத்திருப்பதும் அதன்படி குற்றமே. கைமாறிய பணத்துக்குச் சான்று இல்லாவிட்டாலும் ஒருவரை வசப்படுத்தி வைத்திருப்பது குற்றமாகலாம் என்ற அளவில் இரண்டு சட்டங்களும் நெருங்குகின்றன.

இந்த ஒப்புமையை எல்லை மீறி நீட்டலாகாது. அதே 21ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம் தகப்பன் மகளை அடிமையாக விற்பதைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்துகிறது. வறுமையாலும் கடனாலும் சொந்த வீட்டாராலேயே விற்கப்படுவோர் இன்றைய ஆட்கடத்தலில் உண்டு. அவர்களுக்கு 21:16 நேரடிக் காவல் ஆகாது. ஆட்கடத்தலுக்கு எதிரான வாதத்தில் இவ்வசனத்தை மேற்கோள் காட்டுவோர் 21:7ஐ மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து வாசித்தாலும் ஒரு முடிவு நிலைக்கும்: திருடப்பட்ட மனிதரை இச்சட்டம் மாட்டைப் போல விலை போட்டு ஈடுகட்டக்கூடிய பொருளாகக் கருதவில்லை.