ஹேண்டிகேப்: சுமை யாருக்கு?
ஊனத்தைக் குறிக்க இன்னமும் 'ஹேண்டிகேப்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிச்சைக்குத் தொப்பியேந்திய கையிலிருந்து பிறந்த சொல் என்று கதையும் சொல்வார்கள். அது பிற்காலத்தில் கட்டிய கதை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பண்டம் மாற்றிக்கொள்ளும்போது, நடுவர் விலை வித்தியாசத்தைச் சொன்னதும், பணயக் காசு கிடந்த தொப்பிக்குள் கையை விட்டெடுத்துச் சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். 'தொப்பிக்குள் கை' என்பதே மூலம். அடுத்த நூற்றாண்டில் குதிரைப் பந்தயம் அதைச் சுவீகரித்தது. அங்கே கூடுதல் சுமை வல்ல குதிரைக்குத்தான்: 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப்புக்கு மறு ஆண்டு ஏறத்தாழ 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. இந்தப் பந்தயச் சொல்லுக்குத் தமிழில் 'பின்னடைவு' என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். நோஞ்சான் குதிரை குறைந்த எடையோடு ஓடும் சலுகையை அது சொல்லாதே! 'எடை ஈடு' பொருந்துகிறது. எடை ஏற்றாத கோல்ஃப் போன்ற ஆட்டங்களுக்கு உதவாது.