கோவைப் பஞ்சாலைகளும் பெண்ணின் சம்பாத்தியமும்

பெண்ணின் இயல்பு இன்னது, ஆகவே அவளுக்குரிய வேலை இன்னது என்று சமுதாயம் தீர்ப்புக் கூறுகிறது. அந்த இயல்பு படைப்பில் அமைந்ததா, காலத்தின் தேவை கற்பித்ததா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. விடை தேடி வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளின் வரலாறே அதனை எடுத்துரைக்கும்.

1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் நிறுவிய ஆலையோடு கோவையில் நூற்பாலைத் தொழில் தொடங்கியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கிப் பெருகின. அவற்றில் பெண்கள் திரளாக உழைத்தனர். கைத்தறி நெசவுக்காக நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவு பெரிதும் அவர்களையே நம்பியிருந்தது. தொழிலாளர் போராட்டங்களிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரின் வழக்கு, ஆலைப் பெண்ணொருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்தே பிறந்தது.

ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலைகளில் பெண்களின் தொகை சுருங்கிற்று. 1934ஆம் ஆண்டின் சென்னை மகப்பேற்று உதவிச் சட்டமும், பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் அவர்களது நலன் கருதியே இயற்றப்பட்டவை. ஆனால் மூன்றாம் ஷிப்டுக்கு அழைக்க முடியாத, பேறுகால உதவி தர வேண்டிய தொழிலாளியாக முதலாளிகள் பெண்ணைக் கணக்கிட்டனர். 1957ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு வகுத்த நெறியோ, சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பிய குடும்பம் என்று கொண்டு, பெண்களின் வருவாயைக் கணக்கில் கொள்ளலாகாது என்றது. குடும்பத்துக்குப் போதிய கூலி வேண்டும் என்னும் நன்னோக்கமே அது. எனினும் ஆணின் கூலி குடும்பக் கூலி, பெண்ணின் கூலி உபரி என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது.

1990களில் காட்சி மாறியது. பெண்கள் மீண்டும் ஆலைகளுக்கு அழைக்கப்பட்டனர். இம்முறை மணமாகாத இளம்பெண்களாக, விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, பயிற்சியாளர் என்ற பெயரில். மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகக் கூறிய அவ்வேற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். இரவு வேலைத் தடையையும் 2000ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. முன்பு ஆலைக்குப் பொருந்தாதவள் எனப்பட்ட பெண்ணே இப்போது பொறுமையும் விரல்நயமும் பணிவும் உடையவள் எனப் புகழப்பட்டாள். கைகள் மாறவில்லை, கூலிக் கணக்குத்தான் மாறியது. பெண்ணின் இயல்பு என்று பேசப்பட்டது அக்கணக்கின் நிழலே.

இங்கு நம்மவர் ஓர் ஐயம் எழுப்பலாம்: குடும்பத்தைப் பராமரிக்கும் கடமையை ஷரீஅத்தும் ஆண்மீதுதானே சுமத்துகிறது? உண்மையே. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு வேறு. ஜீவனாம்சம் கணவனின் கடமையாதலால் மனைவியின் வருவாய் முழுமையாக அவளுக்கே உரியது. ஆண்களுக்கு அவர்கள் ஈட்டியதில் பங்குண்டு என்பதோடு பெண்களுக்கும் அவ்வாறே உண்டு என்று திருக்குர்ஆன் (4:32) தெளிவுபடுத்துகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி), கணவருக்காகச் செலவிடுவது தர்மமாகுமா என வினவியபோது, இரட்டை நன்மை உண்டென்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தன் உடைமையன்றோ தர்மமாக இயலும்? மேலும், மணமகன் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டுமென்பது மார்க்கம். பெண் தன் கல்யாணச் செலவுக்காக மூன்றாண்டு உழைப்பை அடகு வைப்பதோ அதற்கு நேர்மாறானது.

இக்கணக்கு ஆலை வாசலோடு நின்றுவிடவில்லை. வீட்டிலிருந்து துணி தைக்கும் நம் பெண்களின் வருவாயைக் கைச்செலவுக் காசு என்று கூறி, அதிலேயே குடும்பத்தின் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்துக்கும் வழி தேடுகிறோம். இல்லத்தில் தம் குடும்பத்தாரின் பணிகளில் நபிகளார் (ஸல்) ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அதை மேடையில் பேசும் நாம், நாள் முழுதும் தைத்தவளே அடுப்பையும் மூட்ட வேண்டுமென எதிர்பார்க்கிறோம். அவளது உழைப்புக்கு உரிய பெயரும் உரிய கூலியும் அளிப்பது சலுகையன்று. அது அவளுக்குரிய ஹக்கு.